‘நீங்க எப்ப போவீங்க, மிஸ்?’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நன்றாகப் படித்த பட்டதாரிகளை, நகரத்து ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகக் கொண்டுவரும் திட்டங்களைப் பாராட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்களை எப்படிச் சேர்ப்பது என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பக்கத்து வகுப்பறையில் இருந்து பார்த்தவள் நான். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். கடைசி ஒன்பது வருடத்தில் இந்த மாதிரி ஏழு பேர் வந்து போனார்கள்.

முதலில் வந்தவர் இயற்பியலில் பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர். ஏழாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பாடம் பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பாதி வகுப்பு 2/5 என்று எழுதியது. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. அவர் மீச்சிறு பொது மடங்கை மறுபடி மறுபடி விளக்கினார், குரல் ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் எந்த வழியாக 2/5-க்குப் போனார்கள் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. தனக்குச் சுலபமாக வந்த ஒன்று அடுத்தவருக்கு எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு தனி வேலை. அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சில வாரப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் வியாழக்கிழமைதோறும் நான் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகள் வெட்டினோம். ஒன்றைப் பாதியாக மடித்தார்கள், இன்னொன்றை மூன்றாக. அரையையும் மூன்றில் ஒன்றையும் சேர்த்து வைத்து, வேறொரு பட்டையை ஐந்தாக மடித்து அதில் இரண்டு பங்கைப் பக்கத்தில் வைத்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன், “சார், பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியை விடக் குறையுமா?” என்று கேட்டான். அந்த இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றைக்குத்தான் அவர் ஆசிரியர் ஆனார் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வருடம் அருமையாகப் பாடம் எடுத்தார். அந்த வருடக் கடைசியில் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, ஒப்பந்தமே இரண்டு வருடம்தான், கல்விக் கடன் வேறு இருந்தது. போகும்போது பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு எழுதி வைத்தார். யார் எதில் தடுக்குகிறார்கள், யாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் வரும் என்றெல்லாம். அடுத்த ஆள் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் நோட்டு அலுவலக அலமாரியில் எங்கேயோ போய்விட்டது. புதிதாக வந்த பெண் வகுப்பில் நுழைந்த முதல் நாள் ஒரு சிறுமி கேட்டாள்: “நீங்க எப்ப போவீங்க, மிஸ்?” துடுக்காகக் கேட்கவில்லை. பழகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இவர்களால் பயனே இல்லை என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். வெண்டி காப் என்ற மாணவி தன் கல்லூரி ஆய்வேட்டில் எழுதிய யோசனையில் இருந்து 1990-இல் அமெரிக்காவில் ‘டீச் ஃபார் அமெரிக்கா’ என்ற இந்த மாதிரித் திட்டம் தொடங்கியது. இங்கிலாந்தில் 2002-இல் ‘டீச் ஃபர்ஸ்ட்’ வந்தது. ‘டீச் ஃபார் இந்தியா’ ஆசிரியர்கள் 2009-இல் மும்பை, புணே பள்ளிகளுக்குள் போனார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. இந்த இளைஞர்களிடம் படித்தவர்கள் கணக்கில் சற்று அதிகம் முன்னேறியிருந்தார்கள், வாசிப்பில் மற்றவர்களைப் போலவே இருந்தார்கள். ஆகவே வரட்டும். ஆனால் இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் இரண்டு வருடம்தான் கணக்கு. வேலை கைக்கு வரும் நேரத்தில் ஆள் கிளம்பிவிடுகிறார்.

அதனால் நான் கேட்பது அவர்கள் தங்குவதற்கான ஏற்பாட்டை. முதல் வருடம் பாதி வகுப்புகள் மட்டும் கொடுங்கள், மீதி நேரம் அனுபவசாலி ஒருவரோடு உட்காரட்டும். அந்த அனுபவசாலிக்கும் அதற்கென்று பாடவேளை ஒதுக்க வேண்டும். நான் நோட்டு திருத்தும் நேரத்தில்தான் போய் உட்கார்ந்தேன், பல வாரம் போகவே முடியவில்லை. மூன்றாம் வருடமும் இருப்பவருக்குக் கல்விக் கடனில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யலாம். சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சி பெறுபவர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கொடுக்கிறார்கள், பதிலுக்கு அவர்கள் சில வருடம் பள்ளியில் வேலை செய்தாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் படித்த ஒரு பையன், பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் கணிதப் பட்டம் வாங்கினான். இதே போன்ற ஒரு திட்டத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தான். இரண்டு முறையும் குழு விவாதத்தில் சரளமாகப் பேசவில்லை என்று கழித்துவிட்டார்கள். காகிதப் பட்டைகளை வைத்துக்கொண்டு அன்று கேள்வி கேட்டானே, அவன்தான். இப்போது அவன் வீட்டு மாடிப்படியில் தினமும் சாயங்காலம் பதினான்கு பிள்ளைகள் கணக்கு போடுகிறார்கள். அவனிடம் எப்போது போவீர்கள் என்று அவர்களில் யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை