காதலர் தினமும் ‘ஒரு நாள்தானே’ என்ற சொல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதலர் தினத்தை முன்னிட்டுத் தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளியான பக்கங்களைப் படித்தேன். இரவு விருந்துக்கு எங்கே என்ன சலுகை, இதய வடிவ கேக் எந்தக் கடையில் கிடைக்கும், சாக்லேட் பெட்டிகளில் எத்தனை வகை என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தீர்கள். இளையோருக்கு அவை பயன்படலாம். ஆனால் இந்த நாளை இப்போது கல்லூரி மாணவர்கள் மட்டும் கொண்டாடுவதில்லை. பிள்ளைகளின் வற்புறுத்தலால், ஐம்பதையும் அறுபதையும் கடந்த என்னைப் போன்றவர்களும் கொண்டாடத் தொடங்கியிருக்கிறோம். எங்களில் பலருடைய வீட்டில் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை டப்பா சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் இந்த நாளை எப்படிக் கொண்டாடுவது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்ற வருத்தத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் கணவருக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று, வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், எங்கள் இருவருக்கும் ஓர் உணவகத்தில் பஃபே விருந்துக்கு முன்பதிவு செய்திருந்தாள். “அப்பா, இன்னைக்கு ஒரு நாள்தானே, கணக்குப் பார்க்காம சாப்பிடுங்க” என்று காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். இரவு நன்றாகச் சாப்பிடப் போகிறோமே என்று அவர் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்தார். ஆனால் காலை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வேளை வயிற்றைக் காயப்போட்டால் இரவு கூடுதலாக உண்பதற்கு அது ஈடாகிவிடும் என்று நானும் நம்பியதால், அவரைத் தடுக்கவில்லை. இரவு ஏழரை மணிக்கு உணவகத்தில் இடத்துக்காகக் காத்திருந்தபோது அவருக்கு வியர்த்துக் கொட்டியது; கை நடுங்கியது; நான் கேட்டதற்குத் தொடர்பில்லாத பதில் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண்மணிதான் நிலைமையைப் புரிந்துகொண்டு, சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் என் கணவர் தெளிந்தார். அந்தக் கால் மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

மறுநாள் எங்கள் மருத்துவர் விளக்கிய பிறகுதான் நாங்கள் செய்த தவறு புரிந்தது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல், கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. மாத்திரையைப் போட்டுவிட்டு உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். அந்நேரத்தில் 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, ஏறாவிட்டால் மீண்டும் கொடுத்து, ஏறியதும் உணவு கொடுக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காதலர் தினத்தன்று எல்லோர் கையிலும் இருக்கும் சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்திவிடும். விருந்துக்குப் போகிறோம் என்று தாமாகவே ஒரு மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அதுவும் இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும். கொண்டாட்டம் என்று மது அருந்துவோரிடம் இன்னும் கவனம் தேவை. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியிடுவதை மது தடுப்பதால், அருந்திப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கக்கூடும்.

இது எங்கள் ஒரு வீட்டின் கதை என்று விட்டுவிட முடியாது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. வயதுவந்தோரில் இது 11.4 சதவீதம், நோயின் வாசலில் நிற்பவர்கள் மேலும் 15.3 சதவீதம். ஆக, பிப்ரவரி 14 அன்று விருந்து மேசையில் எதிரெதிரே அமரும் நடுத்தர வயதுத் தம்பதியரில் ஒருவருக்காவது இந்நோய் இருப்பது அரிதான செய்தி அல்ல.

இந்த ஆண்டு நாங்கள் கொண்டாடாமல் இருந்துவிடவில்லை. அன்பைக் காட்ட ஒரு நாள் வேண்டுமா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் குடும்பச் சுமையில் ஓடியவர்களுக்கு, தமக்கென்று ஒதுக்கிக்கொள்ள ஒரு நாள் கிடைப்பது நல்லதே. மதியம் மகள் தொலைபேசியில் அழைத்து, “அம்மா, அப்பா சாப்பிட்டாங்களா?” என்றுதான் முதலில் கேட்டாள். சாப்பிட்டிருந்தார். அயிரை மீன் குழம்பை அவர் வைத்தார். முட்டைக்கோஸ் பொரியலும் சுண்டலும் நான் செய்தேன். காய்கறியையும் சுண்டலையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில், அளவாக உண்டால் சர்க்கரை சட்டென்று ஏறுவது குறையும் என்பதைக் கடந்த ஓராண்டாக அவருடைய குளுக்கோமீட்டரிலேயே பார்த்து வருகிறோம். இனிப்புக்கு ஆளுக்குப் பாதிக் கொய்யா. கருப்பட்டியில் செய்த அல்வாவை ஓர் உறவினர் அன்போடு கொண்டுவந்தார். நன்றி சொல்லி அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவை சர்க்கரை நோயாளிக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

மாலை உணவை ஏழு மணிக்கே முடித்துக்கொண்டு, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்தோம். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பது மருத்துவக் காரணம். எனக்கோ, கைப்பேசி இல்லாமல் அவர் என்னோடு அரை மணி நேரம் பேசியபடி வந்ததுதான் பெரிது. ஓசூர் ரோஜாக்கள் இந்த நாளுக்காக வெளிநாடு வரை போவதைப் பெருமையோடு படிக்கிறேன். ஆனால் மதுரைக்காரிக்கு மல்லிகைதான் மனத்துக்கு நெருக்கம். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறியிருந்தும் அவர் இரண்டு முழம் வாங்கித் தந்தார்.

இரவில் நாங்கள் செய்த ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். அவருடைய உள்ளங்கால்களை விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்படும்போது காலில் முள் தைத்தாலும் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகிறது. குனிந்து தன் பாதத்தைத் தானே பார்ப்பது வயதானவருக்கு எளிதல்ல. விரலிடுக்குகளையும் குதிகாலையும் துணையின் கண்கள் பார்த்துவிட்டால், பெரிய புண்ணாக மாறக்கூடிய ஒரு சிறு வெடிப்பு அன்றே தெரிந்துவிடும். முதலில் அவர் கூச்சப்பட்டார். இப்போது அது எங்கள் வீட்டில் அன்றாட வழக்கமாகிவிட்டது. தம்பதியருக்குள் இதைவிட நெருக்கமான பொழுது எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

நெருக்கம் என்று சொல்லும்போது, நம் வீடுகளில் பேசப்படாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். சர்க்கரை நோய் ஆண்களின் தாம்பத்திய வாழ்வைப் பாதிக்கக்கூடியது. வெட்கத்தால் அதை மனைவியிடமும் மருத்துவரிடமும் மறைத்து, மருந்துக் கடையில் தாமே அதற்கான மாத்திரை வாங்கிக்கொள்வோர் இருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர், அதாவது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்திருப்பவர், அத்துடன் இந்தத் தாம்பத்திய மாத்திரையையும் சேர்த்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடக்கூடும். கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவர் முன் அமர்ந்து பேசினால் தீர்வு கிடைக்கக்கூடிய இந்தச் சிக்கல், பல வீடுகளில் மனக்கசப்பாக மாறிக்கிடக்கிறது.

உலக நீரிழிவு நாளான நவம்பர் 14 அன்று தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் பயனுள்ள கட்டுரைகளை வெளியிடுகிறது. அன்று யாரும் கேக் வெட்டுவதில்லை. மக்கள் கேக்கும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு போகிற பிப்ரவரி 14 அன்றுதான் அந்தச் செய்திகள் அதிகம் தேவைப்படுகின்றன. அடுத்த ஆண்டு காதலர் தின இணைப்பில், உணவகச் சலுகைகளுக்கு அருகிலேயே ஒரு பக்கத்தை, மாத்திரை எடுக்கும் தம்பதியருக்கென்று ஒதுக்கி, ஒரு சர்க்கரை நோய் மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். அதில் வேறெதற்கு இடம் இல்லாவிட்டாலும், விருந்துக்காக மதியச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம் என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை,
மதுரை.