கேளாமல் வரும் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்குக் கடிவாளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் இன்று, தாம் கேளாமலே வந்து குவியும் விளம்பரக் குறுஞ்செய்திகளை நாளாந்தம் அழித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தள்ளுபடி விற்பனை, காணித் துண்டுகள், வெளிநாட்டுப் படிப்பு, உடனடிக் கடன் என வரும் இவற்றை வெறும் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. வங்கியின் அறிவித்தலும் வைத்தியசாலைக் கிளினிக் திகதியும் இந்தக் குவியலுக்குள்ளேதான் புதைந்து போகின்றன. ஏமாற்றுக்காரர் அனுப்பும் செய்தியும் அதே வரிசையில், அதே தோற்றத்துடன் வந்து நிற்கிறது.

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு, முகவரி முழுமையாக இல்லாததால் அவருடைய பொதியை ஒப்படைக்க முடியவில்லை என்றும், கீழுள்ள இணைப்பில் சிறுதொகை ஒன்றைச் செலுத்தினால் பொதி வந்து சேரும் என்றும் தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு செய்தி வந்தது. கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பொதியை அவர் உண்மையிலேயே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பைத் திறந்தபோது திணைக்களத்தின் சின்னத்துடன் ஒரு பக்கம் தோன்றி, வங்கி அட்டையின் இலக்கத்தையும் அதன் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்களையும் கேட்டிருக்கிறது. அவர் அத்துடன் நிறுத்தி, மறுநாள் தபால்காரரிடம் விசாரித்ததால் பணம் தப்பியது. இத்தகைய செய்திகள் போலியானவை என்று திணைக்களம் முன்னரே எச்சரித்திருந்தும், வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத வீடே அரிதான எங்கள் ஊர்களில் இந்த வலை எளிதாக விரிகிறது.

1978ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அதிகாரி, ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தைக் கணினி வலையமைப்பின் வழியே அனுப்பியதையே கேளாத விளம்பரச் செய்திகளின் தொடக்கமாகக் குறிப்பிடுவார்கள். அன்று போலவே இன்றும் அனுப்புபவருக்குச் செலவு மிகச் சொற்பம். நேரமும் கவனமும் பெறுபவருடையவை. ஆயிரம் பேரில் ஒருவர் கடைக்கு வந்தாலே இலாபம் என்ற கணக்கு இருக்கும்வரை, எஞ்சிய 999 பேரின் சலிப்பை எவரும் பொருட்படுத்தப் போவதில்லை.

எங்கள் இலக்கங்கள் இவர்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். புடவைக்கடையில் பற்றுச்சீட்டுப் போடும்போதும், அதிர்ஷ்டச் சீட்டு நிரப்பும்போதும், பிள்ளையைத் தனியார் வகுப்பில் சேர்க்கும்போதும் இலக்கத்தைக் கேட்கிறார்கள். நாமும் மரியாதை கருதிக் கொடுத்துவிடுகிறோம். எதற்காக என்று கேட்பவரும் இல்லை, வேறு எவருக்கும் கொடுக்கமாட்டோம் என்று எழுதித் தருபவரும் இல்லை.

இதைவிட என்னை வருத்துவது, இச்செய்திகளை நிறுத்தும் வழி எங்கள் மொழியில் இல்லாமையாகும். இலக்கத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வரும் செய்திக்கு மறுமொழி அனுப்ப முடியாது. வேறோர் இலக்கத்துக்கு இன்ன சொல்லை அனுப்பி விலகலாம் என்ற குறிப்பு சிலவற்றின் இறுதியில் இருந்தாலும், அது பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் இடம்பெற, தமிழில் 70 குறியீடுகள் மட்டுமே அடங்குவதும், அதனால் செலவு கூடுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் தமிழரிடம் பொருள் விற்க விரும்புபவர், அவர்கள் விலகிக்கொள்ளும் வழியைத் தமிழில் சொல்வதற்கு அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பகுதி, பெறுபவரின் சம்மதம் இருந்தால் மட்டுமே இத்தகைய செய்திகளை அனுப்பலாம் என்றும், கட்டணமின்றி விலகும் வழியை இலக்கம் பெறும்போதும் ஒவ்வொரு செய்தியிலும் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அச்சட்டம் 2022 மார்ச்சில் சான்றுப்படுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய ஏற்பாடுகளோ பிற்போடப்பட்டன. இந்த இழுபறியின் பலனை அனுபவிப்பவர்கள் மொத்தமாகச் செய்தி அனுப்புபவர்களே.

ஆகவே நான்காம் பகுதியை முழுமையாகச் செயற்படுத்துவதற்குத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையும், எல்லா விளம்பரச் செய்திகளையும் ஒரே பொது இலக்கத்தின் மூலம் மும்மொழியிலும் நிறுத்தும் வசதியை ஏற்படுத்துவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முன்வர வேண்டும். அதுவரை யாழ். நகர வர்த்தகர்கள், வாடிக்கையாளர் விரும்பினால் மட்டும் இலக்கத்தைப் பெறுவதென்றும், பெற்றதைப் பிறருக்குக் கைமாற்றுவதில்லை என்றும் தமக்குள் முடிவெடுத்து, அதனைக் கடை வாசலில் எழுதி வைக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.