"நூறு சதவீதம் இயற்கை" தோல் களிம்பால் சேணமும் வார்களும் கெட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்:
சவாரிக் குதிரை வைத்திருக்கும் வாடிக்கையாளர்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் குதிரைச் சவாரி விடுவது என் தொழில். சேணம், கடிவாள வார், அங்கவடி வார் (சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையத்தைச் சேணத்தில் தொங்கவிடும் வார்) எல்லாமே மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டித் தோல். இவற்றுக்காக உங்கள் தோல் களிம்பை ஆன்லைனில் வாங்கினேன். டப்பாவின் முகப்பில் "நூறு சதவீதம் இயற்கை, தேன்மெழுகு கலந்தது, எல்லாத் தோலுக்கும் ஏற்றது, தினமும் தடவலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். அதன்படியே தடவினோம்.

டிசம்பர் குளிர் தொடங்கியதும் சேணத்தின் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. உங்கள் சேவை மையத்தில் சொன்னபோது, "அது பூஞ்சை, உங்கள் ஊர் ஈரத்தால் வந்தது, வெயிலில் காய வையுங்கள்" என்றார்கள். பூஞ்சை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் அதோடுதான் குடித்தனம். பூஞ்சைக்கு நாற்றம் உண்டு, சூடு காட்டினாலும் கரையாது. இதற்கு நாற்றம் இல்லை. முடி உலர்த்தும் கருவியைக் கொஞ்ச நேரம் காட்டியதும் வெள்ளை உருகித் தோலுக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் அதே இடத்தில் திரும்பப் பூத்திருந்தது. அப்படியானால் அது கொழுப்பு, உங்கள் களிம்பிலிருந்து வந்த கொழுப்பு.

டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எங்குமே அச்சிடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் முக்கியப் பொருள் தேங்காய் எண்ணெய் என்று மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறைய ஆரம்பித்துவிடும். சென்னையில் பாட்டிலில் தண்ணீராக நிற்கிற எண்ணெய் இங்கே பெரும்பாலான காலைகளில் கட்டியாகத்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் இது, குளிர்காலத்தில் புல்லில் உறைபனி விழும். தோலில் ஊறிய எண்ணெய் மேற்பரப்புக்கு வந்து உறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். களிம்பைத் தயாரிக்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்திருந்தால் ஏன் டப்பாவில் சொல்லவில்லை?

வெள்ளை பூத்ததைத் துடைத்துவிடலாம். வார்கள் கெட்டதுதான் எனக்குப் பெரிய கவலை. "தினமும் தடவலாம்" என்ற வார்த்தையை நம்பியதால் அங்கவடி வார்கள் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிட்டன. குதிரை மேல் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள், அதனால் இடது வார் எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக நீளும். அதற்காக இரண்டையும் அவ்வப்போது மாற்றி மாட்டுவது வழக்கம். இந்த முறை மாற்றி மாட்டியும் சரிவரவில்லை. பக்கிள் ஊசி நுழையும் துளைகள் வட்டமாக இல்லாமல் இழுபட்டு நீளமாகக் கிடக்கின்றன. தையல் ஓரத்தில் விரல் நகத்தை அழுத்தினால் தடம் அப்படியே நிற்கிறது. இப்படிப்பட்ட வாரில் ஒரு குழந்தையின் காலை எப்படி வைக்கச் சொல்வேன்? அவற்றைக் கழற்றி வைத்துவிட்டேன். புது வார் வரும்வரை அந்தக் குதிரை சவாரிக்குப் போகவில்லை, அந்த வருமானமும் போயிற்று.

இயற்கைப் பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேணத்துக்கு மாட்டுக்கால் எண்ணெய் போடுவது பழைய வழக்கம். எங்கள் மலையில் நிற்கும் வாட்டில் மரத்தின் பட்டையே தோல் பதனிட உதவுவதுதான். ஆனால் எந்த எண்ணெய், எந்தத் தோலுக்கு, எவ்வளவு என்று சொல்ல வேண்டாமா? குதிரை வியர்வையின் உப்பை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய் தொட வேண்டும். அதுவும் தோல் வறண்டு தெரியும்போது மெல்லிய பூச்சாக. உங்கள் டப்பாவில் துடைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. வெயிலில் காய வை என்ற உங்கள் ஆலோசனை அதைவிட மோசம், வெயிலில் தோல் விறைத்து வெடிக்கும். "எல்லாத் தோலுக்கும்" என்பதும் தவறு. ஸ்வேட் (suede) எனப்படும் மென்மயிர்த் தோல் செருப்பில் இதைத் தடவினால் அதன் மென்மயிர் படிந்து திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும்.

சென்னை அடையாறில் 1948-லிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கி வருகிறது, தோலைப் பற்றிக் கேட்க இடமில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. விற்பதற்கு முன் இந்தக் களிம்பைக் குளிரில் வைத்துச் சோதித்தீர்களா, எங்கே சோதித்தீர்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

களிம்பின் விலையைத் திருப்பித் தர வேண்டும், கெட்டுப்போன அங்கவடி வார்களுக்குப் புது வார்களின் விலையைத் தர வேண்டும். இனி வரும் டப்பாக்களில் சேர்மானங்களை முழுமையாக அச்சிடுங்கள். "எல்லாத் தோலுக்கும்", "தினமும்" என்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள். குளிர் பகுதிகளில் வெள்ளை பூக்கும் என்பதையும், முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் தடவிப் பார்க்க வேண்டும் என்பதையும் தமிழிலும் படிக்கும்படியான எழுத்தில் போடுங்கள். என்னைப் போல மலையில் குதிரை வைத்திருக்கும் இன்னொருவர் இதை வாங்கி ஏமாறக் கூடாது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன்.

இணைப்பு: ரசீது நகல், சேணம் மற்றும் வார்களின் படங்கள், உங்கள் மின்னஞ்சலின் நகல். மீதிக் களிம்பும் கழற்றிய வார்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்