சிம்மக்கல் நூலகத்தில் உதவிய அம்மாவுக்கு நன்றி

மதுரை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் எனக்குச் சொட்டுக் கணக்கு (சலைனை நிமிடத்துக்கு எத்தனை சொட்டாக ஏற்ற வேண்டும் என்ற கணக்கு) சொல்லிக்கொடுத்த அம்மா, பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி நர்சிங் படிக்க வந்தவள் நான். மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்று சொன்ன கவனச் சிதறலுக்கு, வீட்டில் வைத்திருந்த பெயர் சோம்பேறித்தனம். நீங்கள் எதையும் விசாரிக்கவில்லை. வெள்ளைத் தாளால் பக்கத்தை மூடி, ஒரே ஒரு கணக்கை மட்டும் கண்ணில் படும்படி விட்டீர்கள். 500 மி.லி. சலைன், 4 மணி நேரம், மில்லிக்கு 15 சொட்டு. "முதலில் மணியை நிமிடமாக்கு, 240. பிறகு 500ஐ 15ஆல் பெருக்கி, அந்த 240ஆல் வகு." நிமிடத்துக்கு 31 சொட்டு! ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தீர்கள். எதிரில் இருந்தவர் முறைத்தார். நீங்கள் அசரவே இல்லை. ஓய்வுபெற்ற செவிலியராகத்தான் இருப்பீர்கள்.

அந்தப் பாடத்தின் தேர்வில் தேறிவிட்டேன், அம்மா.