வரி கட்டுகிறவர் யார்? அக்கா மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

ஐப்பசியில் திருமங்கலத்தில் நடந்த காதுகுத்தில், பந்தி முடிந்து எல்லோரும் மண்டப வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, "நாங்க நாலு பேர் வரி கட்டுறோம், அதுல நாப்பது பேருக்கு இலவசம்" என்று நீ சொன்னாய். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். விசேஷ வீட்டில் விவாதம் வேண்டாம் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். தூணோரம் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மாவின் காதிலும் அது விழுந்தது என்பதை நீ அறிய மாட்டாய். சிம்மக்கல் பக்கம் அவர் இருக்கும் மகளிர் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மறுவாரம் குழு நோட்டைக் கொண்டுவந்தவர், "சார், நாங்க வரியே கட்டுறதில்லையா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளாகக் கீழமாசி வீதிக் கடைகளுக்கு வரிக்கணக்கு பார்த்துவரும் நான் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அவருக்குச் சொன்னதையே உனக்கும் எழுதுகிறேன்.

கார்த்திகை மாதம் முழுவதும் வாங்கும் பொருளுக்கெல்லாம் பில் வாங்கி வைக்கும்படி அவரிடம் சொன்னேன். மஞ்சள் பை ஒன்றில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். உதிரியாக நிறுத்து வாங்கும் அரிசிக்கும், பாலுக்கும் வரி இல்லை. அவர் கட்டும் மல்லிகைக்கும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது அவரைப் போன்றவர்களுக்கு உண்மையான நிவாரணம்தான். ஆனாலும் 299 ரூபாய்க்கு ஒரு கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு வரி. வீட்டில் இரண்டு கைப்பேசிகள். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்வரும் மகனின் மொபெட்டுக்கு மாதம் 8 லிட்டர் பெட்ரோல். ஒவ்வொரு லிட்டரிலும் மாநில அரசின் வரி 13 சதவீதம், அதற்கு மேல் 11 ரூபாய் 52 காசு. ஒன்றிய அரசின் கலால் வரி இதில் சேராதது. சொகுசு காரில் வந்து டேங்கை நிரப்புகிறவருக்கும் அதே 11 ரூபாய் 52 காசுதான். சமையல் எரிவாயுவுக்கு 5 சதவீதம். வாழைநார் கிடைக்காத நாளில் பூக்கட்ட வாங்கும் நூலுக்கும் வரி. எல்லாவற்றையும் கூட்டியபோது மாதம் 500 ரூபாய்க்குக் குறையவில்லை. அவர் கைக்கு வருவது 9,000 ரூபாய். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போய்விடுகிறது.

2025-26 முதல் புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர், அதாவது மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவர், கட்ட வேண்டிய வருமான வரி ஒரு ரூபாய்கூட இல்லை. அவரும் சோப்பு வாங்குகிறார், பெட்ரோல் போடுகிறார், அதற்கு வரி கொடுக்கிறார் என்பது சரிதான். ஆனால் லட்சத்தில் பாதியைச் சேமிப்பவருக்குச் செலவழித்த பாதியின் மீதுதான் அந்த வரி விழுகிறது. வந்ததெல்லாம் செலவாகிவிடும் வீட்டிலோ வருமானம் முழுவதும் அந்த வரியின் வீச்சுக்குள் வந்துவிடுகிறது. பொருளின் மீது போடும் வரி ஏழையை ஏன் அதிகம் அழுத்துகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றையும் நீ கவனிக்க வேண்டும். என் தொழிலில் தினமும் பார்ப்பது இது. சென்ற கோடையில் நான் கணக்கெழுதும் ஜவுளிக்கடை முதலாளி ஒரு மின்விசிறி வாங்கினார். அதே கடையில், அதே வாரம், அந்த அம்மாவும் ஒன்று வாங்கினார். இரண்டு பில்லிலும் 18 சதவீத வரி. முதலாளியின் பில்லை நான் கணக்கில் ஏற்றி, அந்த வரியை அவர் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகையில் கழித்துக்கொடுத்தேன். சட்டம் அதை அனுமதிக்கிறது, அதில் தவறேதும் இல்லை. அந்த அம்மாவின் பில்லைக் கழிக்க இடமே இல்லை. கடைக்காரர் தம் வரியை அடுத்தவரிடம் வசூலித்துக்கொள்கிறார், அடுத்தவர் அதற்கடுத்தவரிடம். யாரிடமும் வசூலித்துக்கொள்ள முடியாத கடைசி ஆள் எவரோ அவர்தான் ஜிஎஸ்டியைக் கட்டுகிறவர். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராததால் அவரை வரி கட்டாதவர் என்று சொல்லிவிடுகிறோம்.

"அதுதான் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறதே, டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகிறாரே" என்று நீ கேட்பாய். வருகிறது, 2023 செப்டம்பரிலிருந்து அவர் அதை வாங்குகிறார், அதற்கும் முன்பே, 2021 முதல், கட்டணமில்லாமல் பஸ்ஸில் போகிறார். அந்த ஆயிரத்தில் பாதிக்கு மேல் வரியாகத் திரும்பிவிடுகிறது, மிச்சம் அவருக்கு. அது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான அடிப்படை வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே கணக்குச் சொன்னது. அதை நாம் யாரும் இலவசம் என்று சொல்லவில்லை. சலுகை, ஊக்குவிப்பு என்று மரியாதையாகப் பேர் வைத்தோம்.

உன் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். 24 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 30 சதவீதம் போகிறது. நீ இரவு பகல் பார்க்காமல் உழைத்துச் சம்பாதித்த பணம் அது. ஆனால் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்று 50 லட்சம் லாபம் பார்த்தவருக்கு, முதல் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம்தான். வேலை பார்த்து வந்த பணத்துக்கு முப்பது, பணமே சம்பாதித்த பணத்துக்குப் பன்னிரண்டரை. மண்ணில் கால் வைக்காதவர்கள் தங்கள் வருமானத்தை, வருமான வரி இல்லாத விவசாய வருமானம் என்று காட்டச் சொல்லி என்னிடமே வந்திருக்கிறார்கள். எழுத மறுத்ததால் இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன். நீ கேள்வி கேட்க வேண்டியது இவர்களைப் பற்றித்தான். பூக்கட்டும் அம்மா உன் சம்பளத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பணக்காரர்கள் மீது கண்மூடித்தனமாக வரி போட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதே. 1973-74இல் வருமான வரியின் உச்சம் 97.75 சதவீதம் வரை போனது. அது நேர்மையானவனையும் பொய்க்கணக்கு எழுதவைத்த வரி. 1953இல் வந்த மரணச் சொத்து வரி, வசூல் சொற்பம் என்று 1985இல் போனது. 1957இல் வந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். அவற்றில் ஓட்டைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் ஓட்டையை அடைக்காமல் பாத்திரத்தையே தூக்கிப் போட்டதால், தாத்தா சேர்த்த நூறு கோடி பேரனுக்கு வரும்போது அதன் மீது ஒரு ரூபாய் வரிகூட இல்லாத நாடாக நாம் இருக்கிறோம்.

சக்திக்கேற்ற வரி நடைமுறைக்கு ஒத்துவராது என்று அன்று நீ சொன்னாய். நம் மதுரையிலேயே அது நடந்திருக்கிறது. 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குள் இருந்த வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடியைத் தாண்டிய வீடுகளுக்கு 100 சதவீதமும் கூட்டினார்கள். கே.கே.நகரில் இருக்கும் உன் அம்மாவின் வீட்டு வரி இரண்டு மடங்கானது. அக்கா என்னிடம் வருத்தப்பட்டார். நான் அது சரி என்றுதான் சொன்னேன். ஆனால் பெரிய கட்டடங்கள் பலவற்றின் வரியை விதிகளுக்கு மாறாகக் குறைத்துவிட்டார்கள் என்ற வழக்கு 2025இல் மாநகராட்சியையே உலுக்கியது. கைதுகள் நடந்தன, விவகாரம் உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நானூறு சதுர அடி வீட்டுக்கு அந்தப் பூக்கார அம்மா தவணை தவறாமல் வரிசையில் நின்று வரி கட்டிய ரசீதும் அந்த மஞ்சள் பையில் இருந்தது.

அந்த அம்மாவுக்கு ஒரு தாளில் வரி வாரியாகக் கணக்கெழுதிக் கொடுத்தேன். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பூக்கட்டும் நூலின் விலைக்குள் இருக்கும் வரியை நான் போட்ட விதத்தில் பிழை இருந்தால் சொல், திருத்தி அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா