பூவாடைக்காரியை அழைக்கும் முன்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் அக்கா இறந்த பிறகு உங்கள் வீட்டில் நடக்கும் முதல் கல்யாணம். பூவாடைக்காரி படைக்கலாமா, அதாவது இறந்துபோன அவளையே வீட்டுத் தெய்வமாக அழைத்துப் புடவை வைத்துக் கும்பிடலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் படை. பந்தலுக்குச் சொல்லும் முன்பே பம்பைக்காரருக்குச் சொல்லிவிடு.

செஞ்சி, திண்டிவனம் பக்கம் பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு என்று 3 பேர் வந்தாலே போதும். பம்பை இரட்டை மேளம்: ஒன்று மரம், ஒன்று வெண்கலம், சேர்த்து இடுப்பில் கட்டி அடிப்பார்கள். ஆனால் அழுகையைக் கிளப்புவது உடுக்கைதான். நடுக்கயிற்றை இடது கை இறுக்கினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். விம்மல் மாதிரியே இருக்கும். நீர்க்கரையில் பனி இறங்கினால் தோல் தொய்ந்து சத்தம் செத்துவிடும். தோலை அனலில் காய்ச்ச வைக்கோல் வைத்துக்கொள்.

சாயங்காலம் கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ கலசம் வையுங்கள்: தண்ணீர், வேப்பிலை, பூ. பக்கத்தில் அக்காவுக்கு எடுத்த புதுப்புடவை, மஞ்சள், வளையல். முதலில் பிள்ளையார், பிறகு குலதெய்வம், அப்புறம்தான் அக்கா. நேரம் பிடிக்கும். "சீக்கிரம் வரவழைங்க" என்று யாராவது அவசரப்படுத்தி, எடுத்த எடுப்பிலேயே வேகமாக அடித்தால், அக்கா மேலே வந்து ஆட வேண்டியவர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்.

அவள் பேர், பழக்கம், எப்படி இறந்தாள் என்பதையெல்லாம் பம்பைக்காரரிடம் முன்பே சொல். மறைத்தால் பாட்டு யாருக்கோ பாடியதாகிவிடும்.

அம்மா மேல்தான் வருவாள் என்று முடிவு கட்டாதே. சித்தி மேல் வரலாம், உன் மேலேயே வரலாம். உடம்பு நடுங்கும், தலை சுழலும், கொண்டை அவிழும். ஒருவர் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கட்டும். கையை முறுக்கிப் பிடிக்கக் கூடாது. பேச்சு தொடங்கியதும் உடுக்கை தணிய வேண்டும். "ஏன்டி எங்களை விட்டுட்டுப் போனே?" என்று அம்மா கேட்கட்டும். பதில் கோபமாக வந்தாலும் குறுக்கே பேசாதீர்கள். இத்தனை ஏற்பாடும் இந்தப் பேச்சுக்காகத்தான். செல்போனில் எடுக்க யாரையும் விடாதே. வந்தது அக்காதானா என்று நாக்கில் கற்பூரம் ஏற்றிச் சோதிக்கலாம் என்பார்கள், வேண்டாம், வெந்துவிடும்.

சில நேரம் யார் மேலும் வராது. யாரிடம் குறை என்று தேடாதீர்கள். கலசத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படையுங்கள். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை என்றாயே, அதற்கு டாக்டரையும் பார். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

ஆடியவருக்கு மோர் கொடுத்துப் பாய் விரித்துப் படுக்க வையுங்கள். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்த வேண்டும். யார் என்பதை அம்மா சொல்லட்டும்.