கடல் நடுவே உறங்கும் படகுக்கு இரவுக் காவல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பமண்டலக் கடலின் தொலைதூரப் பவளத்திட்டுகளுக்குப் படகில் சென்று, நாள்கணக்கில் அந்தப் படகிலேயே தங்கி, ஸ்கூபா முக்குளித்துத் திரும்பும் பயணத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இத்தகைய பயணங்களில் நான்கு முறை சென்று வந்தவள் என்ற முறையில், அக்கட்டுரை வருணித்த அழகில் ஒரு சொல்லும் மிகையில்லை என்று என்னால் உறுதியாகக் கூற முடியும். ஆனால் அந்தப் படகை 'மிதக்கும் விடுதி' என்று கட்டுரை திரும்பத் திரும்பக் குறிப்பிட்டிருந்தது என் மனதை உறுத்தியது. விடுதியில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். உடல் நலிந்தால் மருத்துவமனைக்கு வண்டி பிடிக்கலாம். கரையிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் நிற்கும் படகில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வழிகளும் இல்லை. எந்த ஆபத்து வந்தாலும், முதல் சில மணி நேரத்துக்கு அந்தப் படகில் உள்ள ஆட்களையும் பொருள்களையும் கொண்டே சமாளித்தாக வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதால்தான் இக்கடிதம்.

இப்பயணங்களை வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. சில பவளத்திட்டுகளைக் காண வேறு வழியே கிடையாது. பிலிப்பைன்ஸில் சுலு கடலின் நடுவே உள்ள துப்பதாஹா பவளத்திட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த இடம், அருகிலுள்ள துறைமுக நகரமான புவேர்த்தோ பிரின்செசாவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மணல் திட்டொன்றில் காவல் நிலையம் அமைத்து முறைவைத்துத் தங்கும் பூங்காக் காவலர்களைத் தவிர அங்கு மனிதக் குடியிருப்பு இல்லை. கடல் அடங்கியிருக்கும் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரையான மூன்று மாதங்களில் மட்டுமே படகுகள் அங்கே செல்கின்றன. மனிதர்கள் எளிதில் எட்ட முடியாத தொலைவில் இருப்பதுதான் அந்தத் திட்டுகளை இந்த அளவுக்கேனும் காப்பாற்றி வைத்திருக்கிறது. படகு ஏறும் நாம் நினைவில் வைக்க வேண்டியது, அதே தொலைவுதான் உதவியையும் நம்மிடமிருந்து அப்பால் நிறுத்துகிறது என்பதை.

அந்த வாழ்க்கையை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். விடியும் முன்பே மணி அடித்து எழுப்புவார்கள். முக்குளிப்பு வழிகாட்டி வெள்ளைப் பலகையில் திட்டின் படத்தை வரைந்து, நீரோட்டம் எத்திசையில் பாய்கிறது, எவ்வளவு ஆழத்தில் திரும்ப வேண்டும், எங்கே மேலே வர வேண்டும் என்று விளக்குவார். பிறகு சிறு ரப்பர் படகில் ஏறித் திட்டின் விளிம்புக்குச் சென்று, எண்ணிக்கை சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் முதுகுப்பக்கமாக நீரில் விழுவோம். கீழே பவளச் சுவர் நீல இருளுக்குள் செங்குத்தாக இறங்கிச் செல்லும். கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்கும் ஓசை தெளிவாகக் காதில் விழும். வெண்முனைச் சுறாக்கள் மணற்படுகையில் அசையாமல் படுத்துக் கிடக்கும். ஒருமுறை ஆனைத்திருக்கை ஒன்று என் தலைக்கு மேலே வெயிலை மறைத்தபடி மூன்று சுற்று சுற்றிச் சென்றதை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. இப்படி ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு முறை. மாலையில் உடல் களைத்து, உப்புப் படிந்த தலையோடு கீழ்த்தளத்து அறையில் படுத்தால் அடித்துப் போட்டாற்போல் உறக்கம் வரும். அந்த உறக்கத்தின்போது யார் விழித்திருக்கிறார்கள் என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி.

2019 செப்டம்பர் 2 அன்று அதிகாலையில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற முக்குளிப்புப் படகு தீப்பற்றியது. அது வெப்பமண்டலக் கடல் அல்ல என்றாலும், பயணத்தின் முறை இதேதான். படகில் இருந்த 39 பேரில், கீழ்த்தளப் படுக்கையறையில் உறங்கிய 33 பயணிகளும் பணியாளர் ஒருவரும் ஆக 34 பேர் இறந்தனர். மேல்தளத்தில் படுத்திருந்த ஐந்து பணியாளர்கள் மட்டுமே உயிர் தப்பினர். படுக்கையறையிலிருந்து வெளியேறுவதற்குப் படிக்கட்டு ஒன்றும் அவசர வழி ஒன்றும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவை இரண்டும் மேலேயிருந்த ஒரே கூடத்துக்குள் திறந்தன. தீ எரிந்ததும் அதே கூடத்தில்தான். சுற்றிவந்து கண்காணிக்க வேண்டிய இரவுக் காவலர் அன்று ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் விசாரணையில் கண்டறிந்தது. அதன் பின்னர் 2021-இன் இறுதியில் அந்நாட்டுக் கடலோரக் காவல்படை, தீயை உணரும் கருவிகள், தப்பிக்கும் பயிற்சி, காவலர் விழித்திருப்பதை உறுதிசெய்யும் கருவி ஆகியவற்றை அத்தகைய படகுகளுக்குக் கட்டாயமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. அந்த விதிகள் அந்த நாட்டின் படகுகளுக்கு மட்டுமே பொருந்தும். தொலைதூரத் தீவுகளிடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் மற்றப் படகுகள் எந்த நாட்டில் பதிவானவையோ, அந்த நாட்டு விதிகளையும், அவற்றைவிட முக்கியமாக, உரிமையாளரின் மனச்சாட்சியையும் நம்பித்தான் ஓடுகின்றன.

இதை நான் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டாவது பயணத்தின்போது ஒரு நள்ளிரவில் தாகமெடுத்து மேலே சென்றேன். பொதுக்கூடத்து மேசை முழுவதும் கேமராக்களும், நீரடி விளக்குகளும், கைப்பேசிகளும் ஒரே மின்பலகையில் செருகப்பட்டு மின்னேறிக்கொண்டிருந்தன. லித்தியம் மின்கலம் பழுதாகிச் சூடேறினால், தானே வெப்பத்தைப் பெருக்கிக்கொண்டு எரியக்கூடியது. அதை அணைப்பதும் கடினம். அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சுக்கான் அறைக்குச் சென்று பார்த்தேன். அங்கும் ஒருவரும் இல்லை. மாலுமிகள் அனைவரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். விடியும்வரை நான் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் படகுத் தலைவரிடம் கேட்டபோது, நங்கூரம் நன்றாகப் பிடித்திருப்பதால் கவலை வேண்டாம் என்றார். அவர் நல்ல மனிதர், கடலறிவு மிகுந்தவர். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நங்கூரம் நழுவினால்கூட அதை முதலில் அறிய ஒருவர் விழித்திருக்க வேண்டும் அல்லவா? நழுவிய படகு போய் மோதும் இடம், நாம் காண வந்த அதே பவளத்திட்டுதான்.

தீ மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பர் 25 அன்று விடியலுக்கு முன் எகிப்தின் செங்கடல் பகுதியில் 'சீ ஸ்டோரி' என்ற இத்தகைய படகு கவிழ்ந்ததில் 11 பேர் இறந்தோ காணாமலோ போயினர். கவிழ்ந்த படகின் உள்ளேயே சிக்கிக்கொண்டவர்கள் சிலர் ஒரு நாளுக்கும் மேல் கழித்தே மீட்கப்பட்டனர். இருட்டில், தலைகீழாகிப்போன ஓர் அறையில், கதவு எந்தப் பக்கம் என்று தேடும் நிலையை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் மாலையிலேயே கைகளால் தடவி வழியைப் பழகிக்கொண்டவருக்கும், அவசர வழி எங்கே என்று கேட்காமலேயே உறங்கியவருக்கும் அந்த நேரத்தில் வேறுபாடு மிகப் பெரிது.

நீருக்கடியிலும் தொலைவு தன் கணக்கை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் உடலில் கரையும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். நாளுக்கு நான்கு முறை, தொடர்ந்து ஆறு நாள்கள் முக்குளித்தால், முந்தைய நாளின் மிச்சத்தோடு அடுத்த நாளைத் தொடங்குகிறோம். மூட்டில் வலியோ, தோலில் குறுகுறுப்போ, காரணமற்ற அயர்வோ தோன்றினால், அதைப் படுக்கை சரியில்லை என்று சொல்லி மறைப்பவர்களே மிகுதி. ஒரு முக்குளிப்பை இழக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கரைந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாகி இத்தகைய தொல்லைகளைத் தருவதே அழுத்த நோய். அதற்கு உரிய சிகிச்சை, உள்ளே காற்றழுத்தத்தை உயர்த்தக்கூடிய அழுத்த அறையில்தான் கிடைக்கும். அது நாள் கணக்கான தொலைவில் இருக்கலாம். அதுவரை கைகொடுக்கக்கூடியது தூய ஆக்சிஜன் ஒன்றே. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்று கேட்க வேண்டும். 680 லிட்டர் கொண்ட சிறிய உருளை ஒன்று, நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால், முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். துறைமுகம் 12 மணி நேரத் தொலைவில் இருக்கும்போது அது போதுமா என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தலை எண்ணுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு ஒருநாள் பயணமாகச் சென்ற படகொன்று, இரண்டு பேர் இன்னும் நீரிலிருந்து ஏறாததைக் கவனிக்காமல் கரை திரும்பிவிட்டது. அவர்கள் இல்லை என்பது தெரியவே இரண்டு நாள்கள் ஆயின. அவர்கள் பிறகு கிடைக்கவே இல்லை. நீரோட்டம் வலுத்த திட்டுகளில் மேலெழுபவர், படகிலிருந்து பார்த்தால், அலைகளுக்கிடையே ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியமாட்டார். ஆகவே ஒவ்வொருவரிடமும் ஊதி உயர்த்தும் நிறமிதவையும் சீழ்க்கையும் இருக்க வேண்டும். ஏறியவர்களைப் பெயர் சொல்லி, முகம் பார்த்து எண்ண வேண்டும்.

ஆகவே, இத்தகைய பயணக் கட்டுரைகளை வெளியிடும்போது, எந்தப் படகில் என்ன மீன் காணலாம் என்பதோடு, இரவில் யார் விழித்திருப்பார், அவசர வழி எங்கே திறக்கிறது, மின்கலங்கள் எங்கே மின்னேற்றப்படுகின்றன, ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் வரும் என்ற கேள்விகளையும் முன்பதிவுக்கு முன் கேட்குமாறு ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவேனும் அச்சிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேட்பவர்கள் பெருகினால் படகுக்காரர்களும் பதிலை ஆயத்தமாக வைத்திருப்பார்கள். கேள்வி கேட்பது அவர்களை அவமதிப்பதாகும் என்று தயங்குவோருக்கு என் கடைசிப் பயணத்தைச் சொல்கிறேன். நான் கேட்பதற்கு முன்பே அந்தப் படகுத் தலைவர் முதல் நாள் மாலை எங்கள் அனைவரையும் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் சென்று, விளக்குகளை அணைத்துவிட்டு, அவசர வழியில் ஒவ்வொருவராக ஏறி முன்தளத்துக்கு வரச் சொன்னார். அறுபது வயதைக் கடந்த ஒருவர் மூடியைத் தள்ளச் சிரமப்பட்டதைக் கண்டு, அவரை அன்றிரவே மேல்தளத்து அறைக்கு மாற்றினார். நள்ளிரவில் விழித்தபோதெல்லாம் என் தலைக்கு மேலே ஒரு மாலுமி மெல்ல நடந்து செல்லும் காலடி ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி